ஊருக்குக் கட்டம் இல்லாத விண்ணப்பம்

2025 ஜனவரி 7, செவ்வாய்க்கிழமை. மேலூர் கடைவீதி அடைத்துக் கிடந்தது. நரசிங்கம்பட்டியில் கூடிய கூட்டம் நான்குவழிச் சாலையில் இறங்கி மதுரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. பச்சைத் துண்டு போட்ட விவசாயிகள், வேலைக்குப் போகாமல் வந்த பெண்கள், பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள். போய்ச் சேர வேண்டிய இடம் தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம். தபால் நிலையத்துக்கு ஏன்? டெல்லியிடம் முறையிட மதுரைக்காரர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் வாசல் அதுதான்.

அதுவரை டங்ஸ்டன் என்றால் பழைய குண்டு பல்புக்குள் இருக்கும் இழை என்று மட்டுமே தெரிந்த ஊர்கள் அவை. 2024 நவம்பர் 7 அன்று நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. பரப்பு 2015.51 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் சொன்னால் ஐயாயிரத்தை நெருங்கும். அதற்குள்தான் அரிட்டாபட்டி. எட்டாம் நூற்றாண்டின் குடைவரைச் சிவன் கோயில், தமிழி கல்வெட்டு, சமணர் சிற்பம், லகார் வல்லூறு, ஊரைச் சுற்றி 72 ஏரி குளங்கள் என்று பட்டியல் போட்டு, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரசே அறிவித்த ஊர்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கிராமசபைத் தீர்மானங்கள், டிசம்பர் 9 அன்று சட்டமன்றத் தீர்மானம், 'நீங்கள் முன்பே எதிர்க்கவில்லை', 'எதிர்த்துக் கடிதம் எழுதினோமே' என்று டெல்லிக்கும் சென்னைக்கும் நடந்த கடிதச் சண்டை, நடந்து போனவர்கள் மீது போலீஸ் வழக்கு. ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசே ஏலத்தை ரத்து செய்தது. வழக்குகளும் பின்னால் திரும்பப் பெறப்பட்டன.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஏலத்தை ரத்து செய்தது எந்த நீதிமன்றமும் இல்லை. கனிமக் குத்தகைச் சண்டைகள் இப்படி முடிவது அபூர்வம். பெரும்பாலானவை ரிட் மனுவாகி, மேல்முறையீடாகி, சீராய்வாகி, பத்து இருபது ஆண்டுகள் கோப்புக்குள் வாழ்கின்றன. 'யாருக்குக் கொடுத்தாய், எனக்கு ஏன் கொடுக்கவில்லை, கொடுப்பதாகச் சொல்லிவிட்டு ஏன் மாற்றினாய்' என்று விண்ணப்பதாரர் கேட்பார். 'கொடுப்பதும் கொடுக்காததும் என் அதிகாரம்' என்று அரசு சொல்லும். அரை நூற்றாண்டாக இந்த இரண்டு குரல்கள்தான் நீதிமன்றத்தில் கேட்கின்றன. குத்தகை நிலத்தில் குடியிருப்பவரின் குரல் அந்த அறைக்குள் வரவே நெடுநாள் ஆனது. காரணம் எளிது. விண்ணப்பத்தில் நிறுவனத்தின் பெயர், சர்வே எண், பரப்பு, கனிமத்தின் வகை, பணபலம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. ஊருக்குக் கட்டம் இல்லை.

கறுப்புக் கல்லும் கிடப்பில் போட்ட ஃபைலும்

இந்தியாவில் எந்த ஊரில் சுரங்க வழக்கு நடந்தாலும் வழக்கறிஞர்கள் கையில் எடுக்கும் முதல் தீர்ப்பு, தமிழ்நாட்டுக் கல்லைப் பற்றியது.

தர்மபுரி, சேலம், தென்னார்க்காடு பக்கம் கிடைக்கும் கறுப்பு கிரானைட்டுக்கு 1970களில் வெளிநாட்டில் நல்ல கிராக்கி. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் கல்லறைக் கற்களாகப் போனது. நம் ஊர்க் குன்று யாரோ ஒருவரின் சமாதியாகிக் கொண்டிருந்தது. தனியார் பலர் குத்தகை எடுத்து வெட்டி ஏற்றுமதி செய்தார்கள். 1977 டிசம்பரில் தமிழ்நாடு அரசு, சிறுகனிமச் சலுகை விதிகளில் 8-சி என்று ஒரு விதியைச் சேர்த்தது. இனி கறுப்பு கிரானைட் வெட்டத் தனியாருக்குக் குத்தகை கிடையாது. அரசு வெட்டும், அல்லது முழுக்க அரசுக்குச் சொந்தமான நிறுவனம் வெட்டும். நாம் 'டாமின்' என்று அழைக்கும் தமிழ்நாடு கனிம நிறுவனம் அதற்கு அடுத்து வந்ததுதான்.

சிக்கல் எங்கே என்றால், விதி வந்த நாளில் மேசையில் ஏராளமான விண்ணப்பங்கள் கிடந்தன. புதுக் குத்தகை கேட்டவை, பழைய குத்தகையைப் புதுப்பிக்கக் கேட்டவை. 'நாங்கள் மனுப் போட்டபோது தடை இல்லை. உரிய காலத்தில் முடிவெடுத்திருந்தால் எங்களுக்குக் கிடைத்திருக்கும். ஃபைலைக் கிடப்பில் போட்டுவிட்டு, நடுவில் விதியை மாற்றி, அந்த விதியைக் காட்டி எங்களை வெளியே அனுப்புவது என்ன நியாயம்?' என்று உயர் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 8-சி விதியையே ரத்து செய்தது.

அரசு மேல்முறையீடு செய்தது. 1981 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி. ஆறும் காடும் கனிமமும் எந்த ஒரு தலைமுறையும் தின்று தீர்த்துவிடக் கூடிய சொத்து இல்லை என்ற பொருளில் தொடங்குகிறது அந்தத் தீர்ப்பு. தொடர்ந்து இரண்டு முடிவுகளைச் சொன்னது. குத்தகையோ, புதுப்பித்தலோ கிடைத்தே ஆகவேண்டும் என்று யாருக்கும் உறுதிப்பட்ட உரிமை கிடையாது. விண்ணப்பம் போட்ட நாளில் இருந்த விதி பொருந்தாது; முடிவெடுக்கும் நாளில் இருக்கும் விதிதான் பொருந்தும். தாமதமானாலும் அப்படித்தான். நியாயமான காலத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால், எடுக்கவில்லை என்பதற்காகப் பழைய விதியின்படி கேட்கும் உரிமை பிறந்துவிடாது என்றது.

கனிமம் மக்கள் சொத்து என்ற முதல் பாதியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாம் பாதிதான் எனக்கு உறுத்துகிறது. அதிகாரிக்கு அது ஒரு வசதியைச் செய்துகொடுத்தது. முடியாது என்று எழுதினால் காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணத்தை எதிர்த்து வழக்கு வரும். ஒன்றும் எழுதாமல் வைத்திருந்தால்? விதி மாறும்வரை காத்திருந்தால் போதும். பெருங்கனிமங்களுக்கான 1960ஆம் ஆண்டு விதிகளில் ஒரு காலத்தில் இதைவிட விசித்திரமான ஏற்பாடு இருந்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்காவிட்டால், நிராகரித்ததாகவே கொள்ளப்படும். அதாவது, அரசு தூங்கினால் விண்ணப்பம் செத்துவிடும்.

பெட்டிச் செய்தி: சட்டம் எப்படி இயங்குகிறது?

சுரங்கங்களுக்கும் கனிமங்களுக்கும் தாய்ச் சட்டம் 1957இல் வந்தது. இரும்பு, பாக்சைட், சுண்ணாம்புக்கல் போன்றவை பெருங்கனிமம். ஜல்லிக் கல், கிரானைட், மணல், சவுடு போன்றவை சிறுகனிமம். அவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரம் 15ஆம் பிரிவின்படி மாநிலத்திடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டு விதிகள்தான் இன்றும் அடிப்படை.

2015 வரை பெருங்கனிமக் குத்தகைக்கு விண்ணப்பம் போடும் முறை. முதலில் வந்தவருக்கு முன்னுரிமை. பலர் ஒன்றாகப் பரிசீலிக்கப்பட்டால் அனுபவம், பணபலம், தொழில்நுட்ப ஆட்கள், முதலீடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மாநிலம் பரிந்துரைக்கும், முக்கியமான கனிமங்களுக்கு டெல்லியின் முன் ஒப்புதல் வேண்டும்.

2015க்குப் பிறகு ஏலம். புதிய குத்தகை 50 ஆண்டுகளுக்கு. புதுப்பித்தல் என்ற பேச்சு இல்லை.

2023 திருத்தத்தில் 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசுக்குப் போனது. டங்ஸ்டன் அவற்றில் ஒன்று. ஏலம் விடுவது டெல்லி. பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதும் வருவாய் பெறுவதும் மாநிலம்.

மேலூர் ஏற்கெனவே பார்த்தது

8-சி விதிக்குப் பிறகு கல் முழுவதும் அரசின் கைக்குப் போய்விட்டது என்று நினைத்தால் தவறு. காலப்போக்கில் விதிகள் தளர்ந்தன. தனியார் திரும்பி வந்தார்கள். வந்த இடங்களில் ஒன்று இதே மேலூர் வட்டாரம். 2012இல் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம், கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு ஏற்பட்ட இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று அறிக்கை அனுப்பினார். அடுத்து அவர் மாற்றப்பட்டார். 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கச் சொன்னது. 2015 நவம்பரில் அறிக்கை கொடுத்தார்.

காணாமல் போன கண்மாயையும் பாதியாக வெட்டப்பட்ட குன்றையும் கண்ணால் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களிடம் போய் டங்ஸ்டன் என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? நடந்துதான் போவார்கள். ஜனவரி 7 ஊர்வலத்தை அரசியல் கட்சிகள் தூண்டிவிட்டதாகச் சொல்பவர்கள் கீழவளவு, கீழையூர்ப் பக்கம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

போஸ்கோ காத்திருந்த மலை

விண்ணப்பம், பரிந்துரை, வழக்கு என்ற மூன்று சக்கரத்தில் ஒரு திட்டம் எப்படி நின்றுபோகும் என்பதற்கு ஒடிசாவின் கந்தாதார் மலையைவிட நல்ல உதாரணம் கிடையாது.

2005 ஜூனில் தென்கொரியாவின் போஸ்கோ நிறுவனம் ஒடிசா அரசுடன் ஒப்பந்தம் செய்தது. ஜகத்சிங்பூர் கடலோரத்தில் ஆண்டுக்கு 1.2 கோடி டன் உருக்கு ஆலை. முதலீடு 50,000 கோடி ரூபாய்க்கு மேல். இந்தியாவுக்கு வரும் மிகப்பெரிய அந்நிய முதலீடு என்று கொண்டாடினார்கள். ஆலைக்கு வேண்டிய இரும்புத்தாது சுந்தர்கட் மாவட்டத்தின் கந்தாதார் மலையில். மாநில அரசு போஸ்கோவுக்குப் பரிந்துரை செய்தது.

அங்கேதான் வம்பு. அந்த மலையைக் கேட்டு ஏற்கெனவே வரிசையில் பலர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஜியோமின் என்ற நிறுவனம், முன்னுரிமை தனக்குத்தான் என்று உயர் நீதிமன்றம் போனது. 2010 ஜூலையில் ஒடிசா உயர் நீதிமன்றம் போஸ்கோவுக்கான பரிந்துரையை ரத்து செய்தது. மாநில அரசு டெல்லிக்கு ஓடியது. 2013 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்து, ஆட்சேபங்கள் எல்லாவற்றையும் கேட்டு ஒன்றிய அரசே முடிவெடுக்கட்டும் என்றது. எட்டு ஆண்டு ஓடிய பிறகு பந்து மறுபடி தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது.

இதற்கிடையில் ஆலை வரவிருந்த திங்கியா, கடகுஜங், நுவாகான் ஊர்களில் வெற்றிலைக் கொடிக்கால்கள் போலீஸ் பாதுகாப்போடு பிடுங்கப்பட்டன. சோழவந்தான்காரரிடமோ கும்பகோணத்துக்காரரிடமோ கேட்டால் தெரியும், கொடிக்கால் என்பது வயல் மாதிரி கிடையாது. தினமும் ஆள் புழங்கி, பணம் புழங்குகிற வீடு மாதிரி. மலையில் பௌடி புய்யான் பழங்குடிகள். ஜியோமின் வழக்கில் வாதம் நடந்தது யாருக்கு முன்னுரிமை என்பது பற்றி. கொடிக்காலும் பௌடி புய்யான்களும் அந்த வழக்கின் கேள்வி ஆகவில்லை.

ஒன்றிய அரசு முடிவெடுப்பதற்குள் 2015 வந்துவிட்டது. இனி ஏலம்தான் என்றது புதிய சட்டம். ஒப்பந்தம் போட்டவர், பரிந்துரை வாங்கியவர், உச்ச நீதிமன்றம் வரை வந்தவர் எல்லோரும் ஏலத்தில் போய்க் கேளுங்கள் என்றார்கள். 2017இல் போஸ்கோ விலகிக்கொண்டது. கொடிக்கால்காரர்களிடம் எடுத்த நிலம் அவர்களுக்குத் திரும்பவில்லை. அடுத்து வந்த ஜே.எஸ்.டபிள்யூ. நிறுவனத்தின் உருக்காலைத் திட்டத்துக்குப் போனது.

ஒரு ஜனவரி 12

2015 ஜனவரி 12 அன்று அவசரச் சட்டம் வந்தது. மார்ச்சில் நாடாளுமன்றச் சட்டமானது. அதன் 10-ஏ பிரிவு ஒரே வரியில் சொன்னது: அதுவரை வந்த விண்ணப்பங்கள் எல்லாம் தகுதி இழக்கின்றன. நாடு முழுதும் மாநிலத் தலைநகரங்களில் மலைபோல் கிடந்த ஃபைல்கள் ஒரு பொழுதில் பழைய பேப்பர் ஆயின. 2012இல் அலைக்கற்றை உரிமங்களும், 2014இல் 200க்கும் மேற்பட்ட நிலக்கரித் தொகுதிகளும் ரத்தான பின்னணியில், முதலில் வந்தவருக்கு முன்னுரிமை என்ற முறையைத் தாங்கிப் பிடிக்க யாருக்கும் தைரியம் இல்லை.

சில விதிவிலக்குகள் இருந்தன. டெல்லியின் முன் ஒப்புதலோ, மாநிலத்தின் விருப்பக் கடிதமோ ஏற்கெனவே வந்திருந்தால் இரண்டு ஆண்டுக்குள் குத்தகையை முடித்துக்கொள்ளலாம். அந்தக் கடிதம் எது, எப்போது வந்தது, நிபந்தனை இருந்ததா என்று அடுத்த பத்தாண்டு வழக்குகள் அதன் மீதே பிறந்தன.

பூஷண் பவர் அண்ட் ஸ்டீல் வழக்கு வேடிக்கையானது. ஒடிசாவின் லபங்காவில் உருக்காலை கட்டிய அந்த நிறுவனத்துக்குச் சுரங்கம் தருவதாக அரசு ஒப்பந்தம் போட்டுவிட்டுப் பின்வாங்கியது. 2012இல் உச்ச நீதிமன்றம், குத்தகைக்குப் பரிந்துரை செய்யுங்கள் என்று மாநிலத்துக்கு உத்தரவிட்டது. ஆனாலும் குத்தகை கைக்கு வரவில்லை. நிறுவனம் நீதிமன்ற அவமதிப்பு மனுப் போட்டது. 2016 டிசம்பரில் வந்த தீர்ப்பு சொன்னது: நடுவில் சட்டம் மாறிவிட்டது, உங்கள் விண்ணப்பம் 10-ஏ பிரிவின்படி தகுதி இழந்தது, விதிவிலக்குக்குள்ளும் வரவில்லை. நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த கட்சிக்காரரும் கடைசியில் வெறுங்கையோடு போனார். கறுப்புக் கல் தீர்ப்பின் பேரன் இது.

கோவாவில் இதற்கு நேர் எதிர்த் திசையில் ஓட்டம். அங்கே குத்தகைகள் எல்லாம் 2007 நவம்பரிலேயே காலாவதி ஆகிவிட்டன என்று 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஏலச் சட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும் மாநில அரசு விறுவிறுவென்று புதுப்பிக்க ஆரம்பித்தது. 2014 நவம்பர் தொடங்கி 2015 ஜனவரி 12 வரை 88 குத்தகைகள். அவசரச் சட்டம் வந்த அதே நாளில்கூடப் பேனா நிற்கவில்லை. ஆண்டுக்கணக்கில் நகராத ஃபைல், வேண்டும் என்றால் எத்தனை வேகமாக நகரும் என்று நாடே பார்த்தது. 'கோவா ஃபவுண்டேஷன்' என்ற சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்டது. 2018 பிப்ரவரி 7 அன்று 88 குத்தகைகளையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஏலத்தைத் தவிர்த்துப் பழைய குத்தகைதாரர்களுக்கு லாபம் செய்துகொடுக்க எடுத்த அவசரம் இது என்று கண்டித்தது. மார்ச் 15ஓடு சுரங்கங்கள் நின்றன.

தீர்ப்பு சரி. அதன் சுமை யார் தலையில் இறங்கியது? கடன் வாங்கி டிப்பர் லாரி ஓட்டியவர்கள், மாண்டவி, ஜுவாரி ஆறுகளில் தாது ஏற்றிப்போன படகுகளில் வேலை பார்த்தவர்கள், சுரங்கச் சாலையோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர்கள். புதுப்பித்தல் உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் மாதத் தவணை கட்டத் தவிக்கவில்லை. வயல்களில் சுரங்கக் கழிவு இறங்கிய கோவா விவசாயிக்கு அந்த நிறுத்தம் ஒரு மூச்சு விடும் நேரம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே ஊருக்குள் ஒரே தீர்ப்பு இரண்டு வீட்டில் இரண்டு மாதிரி நுழைந்தது.

முதல்வர் சொன்னால் போதுமா?

கர்நாடகத்தின் சண்டூர் பக்கம் குமாரசாமி மலைத்தொடரில் இரும்பு. 2003இல் மாநில அரசு விண்ணப்பம் கேட்டு அறிவித்தது. 2004இல் ஜிண்டால், கல்யாணி நிறுவனங்களுக்குத் தரலாம் என்று முதல்வர் மட்டத்தில் பரிந்துரை போனது. மாநிலத்திலேயே ஆலை வைத்திருக்கிறார்கள் என்பது காரணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்லும் அளவுகோல்களில் அது இல்லை. 2010 செப்டம்பரில் சண்டூர் மாங்கனீஸ் வழக்கில், நம் ஈரோடு மாவட்டத்துக்காரரான நீதிபதி பி. சதாசிவம் பங்கேற்ற அமர்வு, சட்டத்தில் இல்லாத அளவுகோலை அரசு தன் கொள்கை என்று சொல்லிப் புகுத்த முடியாது என்று அந்தப் பரிந்துரையை ரத்து செய்தது.

ஜார்க்கண்டில் வேறு கதை. கட்குரி இரும்புச் சுரங்கப் பகுதியைத் தனியாருக்குப் பரிந்துரைத்த அரசு, அது 1960களிலேயே பீகார் அரசால் பொதுத்துறைக்கு ஒதுக்கப்பட்ட நிலம் என்று பின்னால் விழித்துக்கொண்டு பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. வாக்குக் கொடுத்துவிட்டு மாறலாமா என்று மோனட் இஸ்பாட் உள்ளிட்ட நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2012 ஜூலையில் தோற்றன. பொதுநலனுக்கு ஒதுக்கியதை வாக்குறுதி காட்டி உடைக்க முடியாது என்றது தீர்ப்பு.

இப்படி வாசித்துக்கொண்டே போனால் ஒன்று தெரிகிறது. நீதிமன்றம் பெரும்பாலும் கல்லை யாருக்குக் கொடுப்பது என்று பார்ப்பதில்லை. ஃபைல் சரியான மேசைகள் வழியாகச் சரியான காரணத்தோடு வந்ததா என்று பார்க்கிறது. வழி சரியாக இருந்தால் மலை போகலாம்.

'பரிசீலிக்க உத்தரவு'

நம் பக்கம் வருவோம். கல்குவாரி விஷயத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலும் சென்னையிலும் வரும் மனுக்களில் இரண்டு ரகம் அதிகம். ஒன்று, 'என் விண்ணப்பத்தின் மீது ஆட்சியர் முடிவெடுக்கவில்லை' என்பது. இதற்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பக்க உத்தரவு: மனுதாரரின் விண்ணப்பத்தைச் சட்டப்படி பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்கவும். கொடுக்கவும் என்று சொல்லாது. மறுக்கவும் என்று சொல்லாது. வெளியே வரும் விண்ணப்பதாரர் 'கோர்ட்டு ஆர்டர் இருக்கு' என்பார். அலுவலகத்தில் அதே பேப்பரைக் காட்டி 'பரிசீலிச்சோம், முடியாது' என்பார்கள். மறுபடி முதலிலிருந்து.

இரண்டாவது ரகம் ஊர்க்காரர்கள் போடுவது. வெடி வைத்து வீட்டுச் சுவரில் விரிசல், கிணற்றில் தண்ணீர் இறக்கம், லாரி போய்ப் பாழான சாலை. குத்தகை கொடுத்த பிறகே இவர்களுக்குத் தெரியவருகிறது. முன்பெல்லாம் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டியதில்லை. பெரிய மலையைச் சிறு சிறு துண்டாக்கிக் குத்தகை எடுத்தால் கேள்வி கிடையாது. ஹரியானாவிலிருந்து போன தீபக் குமார் வழக்கில் 2012 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஓட்டையை அடைத்தது.

விதி மாறினால் தலையெழுத்து மாறும் என்பதற்குப் புது உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. சரணாலயம், புலிகள் காப்பகம், காப்புக்காடு ஆகியவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021 நவம்பரில் தமிழ்நாடு அரசு விதி போட்டது. 2022 டிசம்பரில் அந்தப் பட்டியலிலிருந்து காப்புக்காடுகளை எடுத்துவிட்டது. டாமின் குவாரிகளே முடங்குகின்றன, வருவாய் போகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். பதின்மூன்று மாதத்துக்குள் காட்டோரக் கல் ஒருமுறை காப்பாற்றப்பட்டு, மறுபடி கைவிடப்பட்டது. முடிவெடுக்கும் நாளின் விதிதான் செல்லும் என்ற 1981 தீர்ப்பை இங்கே பொருத்திப் பாருங்கள். 2022 நவம்பரில் மறுக்க வேண்டிய மனுவை, ஒரு மாதம் மேசையில் வைத்திருந்தால் ஏற்க முடியும்.

பெட்டிச் செய்தி: உங்கள் ஊர்ப் பக்கம் குவாரி வந்தால்

குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக் குத்தகை கொடுக்கக் கூடாது என்கிறது தமிழ்நாட்டு விதி. கிராம நிர்வாக அலுவலர் வரைபடத்தில் உங்கள் வீடு விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல வழக்குகளின் உயிர்நாடி இந்த வரைபடம்தான்.

குத்தகை ஆணை, சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி மூன்றின் நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.

சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் தருவார்கள். அதைத் தாண்டினால் கதவு மூடிவிடும். வழக்கில் தோற்ற ஊர்களைவிட, நாள் கடந்து போன ஊர்கள் பரிதாபமானவை.

கிராமசபைத் தீர்மானத்தை மினிட் புத்தகத்தில் எழுதவைத்துக் கையெழுத்திட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி அதற்குத் தடுக்கும் சக்தி எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் நீதிமன்றத்தில் ஊரின் பேச்சுக்கு இருக்கும் ஒரே எழுத்துச் சாட்சி அது.

நியமகிரியில் கேட்டார்கள்

ஊரைக் கேட்ட வழக்கு ஒன்று உண்டு. ஒடிசாவின் ராயகடா, காலாஹண்டி மாவட்டங்களில் நியமகிரி. டோங்ரியா கோந்து மக்கள் அந்த மலையை நியம ராஜா என்று கும்பிடுகிறார்கள். மலையின் பாக்சைட், வேதாந்தாவின் லாஞ்சிகட் அலுமினா ஆலைக்குத் தேவைப்பட்டது. 2010 ஆகஸ்டில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் வன அனுமதியை மறுத்தது. மாநில அரசின் சுரங்கக் கழகம் அந்த மறுப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது.

2013 ஏப்ரல் 18 அன்று வந்த தீர்ப்பு யாரும் எதிர்பாராதது. வன உரிமைச் சட்டப்படி கிராமசபைகள் முடிவு செய்யட்டும், மலை அவர்களுடைய வழிபாட்டு உரிமையோடு கலந்திருக்கிறதா என்று அவர்களே சொல்லட்டும் என்றது நீதிமன்றம். மலைச்சரிவுகளில் நூற்றுக்கு மேல் ஊர்கள் இருக்க, மாநில அரசு தேர்ந்தெடுத்தது 12 ஊர்களை மட்டும். அந்த ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தில் மாவட்ட நீதிபதி அந்தஸ்துள்ள அதிகாரி முன்னிலையில், போலீஸ் சுற்றி நிற்க, சபைகள் கூடின. 12 ஊரும் வேண்டாம் என்றன. அடுத்த ஜனவரியில் அமைச்சகம் திட்டத்தை நிராகரித்தது.

இதைப் படித்துவிட்டு நம் ஊர்க் கிராமசபைக்கும் அதே பலம் என்று நம்பிவிடக் கூடாது. நியமகிரிக்குப் பின்னால் வன உரிமைச் சட்டம், பழங்குடிப் பகுதிகளுக்கான அரசியல் சாசனப் பாதுகாப்பு, வழிபாட்டு உரிமை மூன்றும் நின்றன. பட்டா நிலத்து விவசாயிக்கு இவற்றில் எதுவும் நேரடியாகக் கிடையாது. அரிட்டாபட்டியின் தீர்மானத்தை யாரும் சட்டப்படி மதித்தாக வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. அதனால்தான் அவர்கள் தபால் நிலையம் வரை நடக்க வேண்டியிருந்தது. அந்த நடை ஜெயித்ததற்குப் பெரிய மாநிலம், நெருங்கிவந்த தேர்தல், எல்லாக் கட்சியும் ஒரே பக்கம் என்று பல காரணங்கள் சேர்ந்தன. ஜார்க்கண்டின் ஒரு மூலையில் இருக்கும் ஊருக்கு இத்தனையும் ஒருசேர அமையுமா?

சுரங்க நடைமுறையில் ஊர்க்காரர் வாய்திறக்கச் சட்டம் கொடுத்திருந்த ஒரு சின்ன இடம், சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன்னால் நடக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பு. கல்யாண மண்டபத்தில் நாற்காலி போட்டு, மைக்கைப் பிடுங்கிப் பேசி, கடைசியில் கைகலப்பாகும் அந்தக் கூட்டங்களைப் பார்த்துச் சலித்தவர்கள் உண்டு; நானும் சலித்திருக்கிறேன். ஆனாலும் அங்கே பேசியதை அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும், வழக்கில் அதைக் காட்டலாம்.

2025 செப்டம்பரில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பு வெளியிட்டது. அணுக் கனிமங்களுக்கும், 2023 திருத்தத்தின் பட்டியலில் உள்ள முக்கியக் கனிமங்களுக்கும் சுரங்கம் தோண்டப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்கிறது அது. தமிழ்நாட்டு முதல்வர் எதிர்ப்புத் தெரிவித்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பட்டியலில் டங்ஸ்டன் இருக்கிறது.